அண்ணி பேசிய கேசட்

ஜூன் 3

வக்கீலம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பாய். நான் இல்லை.

மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரிவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட நினைத்தேன். உன் அண்ணன் முந்திக்கொண்டார். காலையில் நான் வாந்தி எடுப்பதைப் பார்த்தவர், ஆபீஸ் போகிற வழியிலேயே தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை ஹாலில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தபந்தம் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்துவிட்டார். போன் செய்தவர்களெல்லாம் வாழ்த்துகிறார்கள். நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இந்தக் குழந்தை வேண்டாம். சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். சின்னவள் பிறந்த பிறகு நான் எப்படி இருந்தேன் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான். அவள் அழுவது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோல எனக்குக் கேட்கும். மொட்டை மாடிச் சுவரோரம் அவளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற அன்று, நீ வந்து ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டாய். இன்றுவரை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே திரும்பிப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தடவை வாங்கிக்கொள்ள நீ பக்கத்தில் இல்லை.

உன் அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய் அந்தக் கேசட்டைப் போட்டார்.

எந்தக் கேசட் என்று கேட்காதே. நம் ஊர் வாசகர் வட்டத்தில் வாரா வாரம் சீட்டுக் குலுக்கி ஒருத்தியை எதிர்க்கட்சி ஆக்குவது உன் ஏற்பாடுதானே. சீட்டு விழுந்தவள் புத்தகத்துக்கு எதிராகத்தான் பேச வேண்டும், மனசார நம்புகிறவள் மாதிரி பேச வேண்டும், யாரும் சிரிக்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டாய். கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணின் கதையைப் படித்த வாரம் சீட்டு எனக்கு விழுந்தது. கணக்கு டீச்சர் அழுகிற அளவுக்குப் பேசினேன். நீ அதை டேப்பில் பிடித்து, நாங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததும், "உன் பெண்டாட்டி பேசுறதைக் கேளு, அசந்துபோயிடுவே" என்று அண்ணனுக்கு அனுப்பியும் வைத்தாய்.

அவர் அசந்துதான் போயிருக்கிறார். என் குரலே ஹாலில் உட்கார்ந்துகொண்டு என்னோடு சண்டை போட்டது. "நான் புதுசா ஒண்ணும் சொல்லலையே, நீ சொன்னதுதானே?" என்றார். சீட்டில் விழுந்த பேச்சு அது என்றேன். "சீட்டுல விழுந்தா குரல் இப்படித் தழுதழுக்குமா?" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். பதிலை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கே போடு. முதலாளியம்மா கவரைப் பிரிக்க மாட்டார். பிரித்தாலும் அவருடைய பவருக்கு உன் கையெழுத்து புரியாது.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வக்கீல் ஆபீஸில் டைப் மெஷினுக்கு அடியில் வைத்து வைத்துப் படித்தேன். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் என்னிடம் எதிர்பார்த்த பதில் எது என்று எனக்குத் தெரியும். உடம்பு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. வட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டி இதைச் சொன்னவளே நான்தான். உங்கள் இடத்தில் வேறு யார் எழுதியிருந்தாலும் அந்த ஒரு வரியைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அண்ணன் குழந்தை என்று வந்ததும் கை மேசைக்குப் போக மறுக்கிறது. எனக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. பெரியவளும் சின்னவளும்தான் எனக்கென்று இருப்பவர்கள். இன்னொன்று வருகிறது என்று அம்மா போனில் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன், அண்ணி. உங்களிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நீங்கள் பேசியது வெறும் சீட்டுப் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. "யாருமே கூப்பிடாம வந்தவளைத்தான் நான் அதிகமா நேசிச்சேன்" என்று சின்னவளைப் பற்றிச் சொன்னீர்களே, அதைக் கதையிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதனால்தான் கேசட்டை அனுப்பினேன். நீங்கள் வாய் திறந்து பேசிக் கேட்டே அண்ணனுக்குப் பழக்கமில்லை, ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று நினைத்தேன். அது இப்படி உங்கள் மேலேயே திரும்பும் என்று நினைக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன். முன்பு நடந்ததே மறுபடியும் நடக்க வேண்டும் என்று இல்லையே. இரண்டு புத்தகங்கள் பார்சலில் அனுப்புகிறேன். பிரசவத்துக்குப் பிந்திய மனநிலை பற்றியவை. நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

உங்கள்
வக்கீலம்மா


ஜூன் 12

வக்கீலம்மா,

புத்தகம் வந்தது. முதலாளியம்மா அதை லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். நல்ல கனம்.

நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினால் நீ நீச்சல் பற்றிய நூல் அனுப்புகிறாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் நேற்று ஒரு லென்ஸை ஓரம் தேய்க்கும்போது பிளந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. கேசட்டில் நான் பேசியது நிஜமா பொய்யா என்று உனக்கு என்ன ஆராய்ச்சி? அந்தக் குழந்தையை நேசித்தேன், நேசிக்கிறேன். அவளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாடியில் நின்றேன். இரண்டும் ஒரே ஆள்தான். உன் அண்ணனுக்குப் புரியாது, சரி. உனக்குமா?

உன் சம்மதம் எனக்கு வேண்டியதில்லை, கேட்கவும் இல்லை. காரியத்தைக் கேள்.

கடைக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நல்லவர்தான், பார்த்தார். இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இந்த மாதம் தாண்டினால் என்னால் முடியாது என்றார். பிறகு, "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணுமே" என்றார். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். "சட்டத்துல இல்லம்மா, எங்க ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார். வீட்டுக்காரர் வர மாட்டார் என்றேன். "அவர் வீட்டு ஆளு யாராவது வந்தாலும் சரி. மாமியார், நாத்தனார், யாரோ ஒருத்தர். நாளைக்கு எங்க மேல சண்டைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

நாத்தனார்! என் கையெழுத்து செல்லாதாம், உன் கையெழுத்து செல்லுமாம். அங்கேயே சிரித்துவிட்டேன், டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், பதினெட்டாம் தேதி. நீ ஒரு நாள் லீவு போட்டு வா. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வா, கையெழுத்தைப் போடு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போ. வீட்டுப் பக்கமே வர வேண்டாம். உன் அம்மா முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. இதற்குமேல் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை. கெஞ்சுகிறேன்.

அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணி,

நீங்கள் திட்டியது அத்தனையும் சரி. புத்தகம் அனுப்பியதை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. நான் தடுமாறியது அண்ணனுக்காக. இனித் தடுமாற மாட்டேன். உங்கள் பக்கம்தான் இருக்கிறேன்.

ஆனால் கையெழுத்துப் போட வர மாட்டேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என் கையெழுத்தைக் கேட்பதே அநியாயம் அண்ணி. நான் வந்து போட்டால் அந்த அநியாயத்துக்கு நானே உடந்தை. நாளைக்கு நாத்தனார் இல்லாத ஒருத்தி வருவாள், அவளைத் திருப்பி அனுப்புவார்கள். இதைத்தானே நாம் வட்டத்தில் பேசிப் பேசித் தொண்டை வறண்டோம்.

அதனால் வேறு வழி செய்துவிட்டேன். எங்கள் சீனியர் வக்கீலிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொதித்துப்போனார். அந்த ஆஸ்பத்திரிக்கு வக்கீல் நோட்டீஸ் நேற்றே போய்விட்டது. நானேதான் டைப் அடித்தேன். வயதுவந்த பெண்ணின் சம்மதத்துக்கு மேல் வேறொருவர் சம்மதம் கேட்பது எந்தச் சட்டத்தின்படி என்று கேட்டிருக்கிறோம். வரிக்கு வரி பார்த்துப் பார்த்து எழுதினோம், நீங்கள் படித்தால் பூரித்துப்போவீர்கள். திங்கட்கிழமை தலை நிமிர்ந்து போங்கள். உங்கள் கையெழுத்தை மட்டும் போடுங்கள். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வட்டத்தில் எல்லோரும் உங்களுக்குத் தைரியம் சொல்லச் சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை, ஒரு சிநேகிதி என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மா மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

உங்கள்
வக்கீலம்மா


ஜூன் 20

உன் நோட்டீஸ் அருமையாக வேலை செய்தது.

திங்கட்கிழமை போனேன். தலை நிமிர்ந்துதான் போனேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. மேனேஜர் என்று ஒருவர் வந்து என்னைத் தனியாக உட்காரவைத்தார். மேசைமேல் உன் நோட்டீஸ். "கேஸு கோர்ட்டுன்னு போறவங்களை நாங்க தொட மாட்டோம்மா. இனி இந்த வேலையே இங்க கிடையாது, யாருக்கும் கிடையாது" என்றார். நாத்தனார் இல்லாத ஒருத்திக்காக நீ சண்டை போட்டாய் அல்லவா? இப்போது நாத்தனார் இருக்கிறவளுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது.

நோட்டீஸில் நீங்கள் என் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்த வாரம் அங்கே சட்டத்தைப் பற்றிக் கேட்டவள் நான் ஒருத்திதானே. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த போன் நம்பரைப் பார்த்து வீட்டுக்குப் பேசியிருக்கிறார்கள். போனை எடுத்தது அத்தை.

நான் வீடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழவில்லை, திட்டவில்லை. "உனக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்?" என்று கேட்டார். அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. பிறகு உன் அண்ணன் பேசினார். "எங்க வேணா போ, என்ன வேணா செய். ஆனா நீ வாசப்படி தாண்டின அன்னிக்கே பொண்ணுங்க ரெண்டு பேரையும் எங்க சித்தி வீட்டுல கொண்டு விட்டுருவேன். அப்புறம் நீ எந்த வக்கீலைக் கூட்டிட்டு வந்தாலும் சரி." சொன்னதைச் செய்கிற ஆள்தான் அவர். பெரியவள் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக என் சேலையை விடவில்லை.

காலையில் எழுந்ததும் மாடிப்படியைத்தான் பார்க்கிறேன். இதை உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, எனக்கே பயமாக இருப்பதால் எழுதுகிறேன். சின்னவளைக் குளிப்பாட்டும்போது அவள் பேசுவது மறுபடியும் தூரத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

உன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. நீ நல்லதுதான் நினைத்தாய். இனி எனக்காக நினைக்காதே. நான் சொல்வதை மட்டும் செய். உங்கள் வட்டத்து டாக்டரம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே கேள். அவர் செய்வாரென்றால் நான் அங்கே வருகிறேன், தனியாக. நீ என்கூட இருக்க வேண்டாம், என் கையைப் பிடிக்க வேண்டாம். நீ இங்கே வா. நான் போகிற நாளில் இந்த வீட்டில் இரு. என் பெண்களை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள். உன்னை உன் அண்ணன் வெளியே தள்ள முடியாது. இது உன் வீடும்தான்.

நான் கடைக்குப் போகவும் இந்த வாரத்தோடு தடை. நான் சரிசெய்யக் கொடுத்த கண்ணாடி என்ற சாக்கில் முதலாளியம்மா உன் பதிலை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.


ஜூன் 23

அண்ணி,

அடுத்த சனிக்கிழமை, முப்பதாம் தேதி காலை வந்து சேர்கிறேன். நீங்கள் அன்று மதிய பஸ்ஸில் கிளம்புங்கள். என் அறைச் சாவி கீழ்வீட்டுத் தபாலாபீஸ் அக்காவிடம் இருக்கும். டாக்டரம்மாவிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும், அவளை வரச் சொல்லு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆபீஸில் லீவு கேட்டேன், தரவில்லை. தராவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

மாடிக்கதவைப் பூட்டி, சாவியை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். இன்றே.

எனக்கு எழுதுவதைக் கடைக்கே எழுதுங்கள். போய் வாங்கிக்கொள்கிறேன்.


ஜூலை 1

வக்கீலம்மா,

உன் அறையில் உட்கார்ந்து உனக்கே எழுதுகிறேன். நாளைக்குக் காலை ஆஸ்பத்திரி.

நேற்று டாக்டரம்மா பரிசோதித்தார். வரம்புக்குள்தான் இருக்கிறது, பயப்படாதே என்றார். ஒரு தாளை நீட்டினார். நான் பழக்கதோஷத்தில், "யார் கையெழுத்து வேணும்?" என்று கேட்டுவிட்டேன். "யாருக்குச் செய்யப்போறேன்? உனக்குத்தானே? அப்ப உன்னுதுதான்" என்றார். போட்டேன். பெயர் கோணலாக விழுந்தது.

வட்டத்திலிருந்து எல்லோரும் வந்துபோனார்கள். ஒருத்திகூடப் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் போகும்போது வாசலில் நின்று கேட்டார். "அன்னிக்கு நீங்க பேசினது நிஜமாவே தோணிச்சா, இல்ல சீட்டுக்காகவா?" பாதி நிஜம் என்றேன். பேசும்போது முழுசும் நம்பினேன் என்றேன். "அப்ப இப்ப கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார். கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதனால் வேண்டும் என்று ஆகிவிடாது என்றேன். கேசட்டில் இல்லாத பேச்சு இதுதான். அதை நீ அண்ணனுக்கு அனுப்ப வேண்டாம்.

பெண்கள் சாப்பிட்டார்களா? சின்னவளுக்குத் தலை வாரும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்கு, முன்னால் தொட்டால் கத்துவாள். இதை அன்று சொல்ல மறந்துவிட்டேன். பஸ் முழுக்க அதுவே உறுத்திக்கொண்டிருந்தது.

அண்ணி


ஜூலை 3

அண்ணி,

பெண்கள் சாப்பிடுகிறார்கள். சின்னவள் கத்தினாள், உங்கள் கடிதம் வந்த பிறகு கத்தவில்லை.

இங்கே நடப்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணன் முதல் நாள், "நீ எந்தப் பக்கம்?" என்று ஒரே கேள்வி கேட்டான். உங்கள் பக்கம் என்றேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை, சாப்பிடும்போது கேசட்டைப் போடுகிறான். உங்கள் குரல் கேட்டதும் சின்னவள், "அம்மா வந்தாச்சு" என்று ஹாலுக்கு ஓடுகிறாள். நேற்று அதைப் பார்த்துவிட்டு அவனே நிறுத்தினான். நிறுத்திவிட்டு டேப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எழுந்து சித்திக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவரச் சொன்னான்.

அம்மாதான் என்னை உடைக்கிறாள். திட்டினால் திருப்பித் திட்டுவேன். அவள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "அவன் உன் கூடப்பொறந்தவன்டி. அவ வேற வீட்டுப் பொண்ணு. குழந்தைங்களை சித்தி வீட்டுக்கு அனுப்பிடு, கொஞ்ச நாள் ஆறட்டும், எல்லாம் சரியாயிடும்" என்கிறாள். இன்று மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுத்தது. அந்தப் பயத்தில் நான் அலமாரியைத் திறந்து குழந்தைகளின் துணியை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டேன், அண்ணி. பெரியவள் வந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

சட்டமெல்லாம் இந்த வீட்டு வாசலோடு சரி. நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. உடம்பு தேறியதும் வாருங்கள் என்று எழுதத்தான் ஆசை. முடிந்த அளவு சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றுதான் எழுத முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள்.


ஜூலை 5

வக்கீலம்மா,

முடிந்தது. ரத்தம் கொஞ்சம் போகிறது, அது சரிதான் என்கிறார் டாக்டரம்மா. அழுதேனா என்று எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் தூங்கினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தூங்கினேன். கண் விழித்தபோது தெருவில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, பக்கத்திலேயே கேட்டது.

டாக்டரம்மா இன்னும் நாலு நாள் இருக்கச் சொன்னார். இல்லை, போகணும் என்றேன். இந்தக் கடிதத்தைத் தபாலாபீஸ் அக்கா இன்றைய பையிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், எனக்கு முன்னால் வந்துவிடும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கார் வருவதற்குள் வந்துவிடுவேன். உன் அண்ணன் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிடுவார், அவரை எனக்குத் தெரியும். நான் தெருவில் நின்று கத்த மாட்டேன், தெருவையும் கூட்ட மாட்டேன், என் பெண்கள் அதைப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு தடவை பெல் அடிப்பேன். அத்தை உன் கையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு மூச்சு இழுத்தாலும் இழுக்கும். மெதுவாகக் கையை எடுத்துவிட்டு எழுந்து வா.

நீ திறக்காவிட்டால், நீயும் அந்த வீட்டு ஆள்தான் என்று தெரிந்துகொள்வேன். உன்மேல் தப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருக்காது.

திறந்தால் என்னிடம் ஒன்றும் பேசாதே. உடம்பு எப்படி என்று கேட்காதே. ஓரமாக நகர்ந்து நின்று என்னை உள்ளே விடு.

அண்ணி